புது ஆய்வுக் கட்டுரைகளைத் தொடர எது சரி: இதழின் ஓடையா, தேடல் ஓடையா, மெயில் அலர்ட்டா, கூகுள் ஸ்காலரா?

புதிதாக வரும் பேப்பர்களைத் தவறவிடாமல் பார்க்க ஆர்எஸ்எஸ் போதுமா, மெயில் அலர்ட்டே நல்லதா? ஆய்வு மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. பாதிப் பேர் மனதில் இருப்பது எந்த ஆப் நல்லது என்பதுதான். ஆப்பைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: தொடரப்போவது ஓர் இதழையா, ஒரு தலைப்பையா? நாம் தூங்கும்போதும் ஊருக்குப் போகும்போதும் நமக்காக யார் போய்ப் பார்ப்பார்கள்?

ஆர்எஸ்எஸ் புதிதென்றால் ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். இணையதளம் தன் கடைசிச் சில பதிவுகளின் தலைப்பு, இணைப்பு, தேதி ஆகியவற்றை ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதி, மாறாத ஒரு முகவரியில் வைத்திருக்கும். திரட்டி என்ற மென்பொருள் அந்த முகவரியை அவ்வப்போது எட்டிப் பார்த்து, புதிதாக இருப்பதை மட்டும் எடுத்து வரும். தமிழ்மணம் காலத்தில் வலைப்பதிவு படித்தவர்களுக்கு இது செய்தியோடை என்ற பெயரில் பழக்கம். 2013 ஜூலை 1 அன்று கூகுளின் திரட்டியான கூகுள் ரீடர் மூடப்பட்டபோது ஓடையின் கதை முடிந்தது என்று பலர் எழுதினார்கள். ஆய்விதழ்கள் அந்தச் செய்தியைக் கண்டுகொள்ளவே இல்லை. பெரிய பதிப்பகங்கள் இன்றும் ஓடை தருகின்றன.

## எதை வைத்து எடை போடுவது

தவறவிடாமை. நமக்குத் தேவையான கட்டுரை வந்தால் அது நம் கண்ணில் படுமா? மற்ற எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

தாமதம். ஆன்லைனில் ஏறிய நாளுக்கும் நமக்குத் தெரியும் நாளுக்கும் இடையே எத்தனை நாள்? இயந்திரக் கற்றல் ஆய்வில் இரண்டு நாள்கூடப் பெரிது. வகைப்பாட்டியலில் இரண்டு வாரம் போனாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

இரைச்சல். நூறு தலைப்பில் எத்தனை நமக்கு வேண்டியவை? நூற்றுக்கு இரண்டு என்றால், மூன்றாவது வாரமே திறப்பதை நிறுத்திவிடுவோம்.

பதிவில் என்ன இருக்கிறது. ஆய்வுச் சுருக்கம் ஓடைக்குள்ளேயே வந்தால் பத்து விநாடியில் முடிவெடுக்கலாம். வெறும் தலைப்பு என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிக், ஒரு குக்கி அனுமதிப் பெட்டி.

ஓசையில்லாமல் சாகிறதா. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஓர் ஓடை நின்றுபோனால் திரட்டி கத்தாது. புதிதாக ஒன்றும் இல்லை என்று அமைதியாக இருக்கும். அலர்ட் மெயில் ஸ்பேமில் விழுந்தாலும் இதே கதைதான்.

பணத்தைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை. நான்கு வழிகளும் இலவசம். காசு கேட்பது சில திரட்டிகள் மட்டும்.

## வழி 1: இதழின் சொந்த ஓடை

கணக்கு வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், இதழில் வருவது முழுதும் வரும். தாமதமும் நான்கில் இதற்குத்தான் குறைவு. இதழின் முகப்பிலோ, அடியிலோ, அலர்ட்ஸ் என்ற பக்கத்துக்குள்ளோ ஆரஞ்சு நிறச் சின்னம் இருக்கும். அதன் இணைப்பை நகலெடுத்துத் திரட்டியில் ஒட்டினால் வேலை முடிந்தது.

தப்பு நடப்பது இங்கேதான். பல இதழ்களுக்கு ஓடை ஒன்றல்ல, இரண்டு. முதலாவது இதழ் எண்ணுக்கான பொருளடக்கம். இரண்டாவது, ஏற்கப்பட்டு ஆன்லைனில் ஏறிய உடனே வரும் கட்டுரைகள். அமெரிக்க வேதியியல் சங்கமான ஏசிஎஸ்ஸின் இதழ்களிலும் சயன்ஸ் இதழிலும் ஓடை முகவரியை உற்றுப் பாருங்கள். நடுவே இடிஓசி (etoc) என்ற எழுத்துகள் இருந்தால் அது பொருளடக்கம். ஏஎக்ஸ்ஏடிஓசி (axatoc) என்றிருந்தால் உடனடி வெளியீடு. பொருளடக்க ஓடையை மட்டும் சேர்த்துவிட்டு ஆர்எஸ்எஸ் தாமதம் என்று குறைசொல்பவர்கள் நிறைய. இரண்டையும் சேர்த்தால் ஒரே கட்டுரை இருமுறை வரும். எரிச்சல்தான், ஆனால் தவறவிடுவதற்கு அது மேல்.

பதிவின் தரம் பதிப்பகத்துக்குப் பதிப்பகம் மாறும். எல்செவியரின் சயன்ஸ்டைரக்ட் ஓடையில் தலைப்பு, தேதி, இதழ் பெயர், ஆசிரியர்கள் மட்டும், சுருக்கம் இருக்காது. நேச்சர் இதழின் முதன்மை ஓடையில் ஆய்வுக் கட்டுரையோடு செய்தியும் தலையங்கமும் கலந்து வரும்.

தேதியிலும் ஒரு கண்ணி உண்டு. அக்டோபரில் ஆன்லைனில் ஏறிய கட்டுரைக்கு, அது சேரப்போகும் டிசம்பர் இதழின் தேதியைச் சில ஓடைகள் போட்டுவிடும். திரட்டி வெளியீட்டுத் தேதிப்படி வரிசைப்படுத்தினால் அந்தப் பதிவு இரண்டு மாதம் உச்சியில் உட்கார்ந்திருக்கும். உண்மையில் புதிதாக வந்தவை அதற்குக் கீழே புதைந்துவிடும். திரட்டியில் 'வந்து சேர்ந்த தேதி' என்ற வரிசை இருந்தால் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மறைவான செலவு, பராமரிப்பு. பதிப்பகம் தளத்தை மாற்றும்போது பழைய ஓடை முகவரி முகப்புப் பக்கத்துக்குத் திரும்பிவிடும். சில தளங்கள் ரோபோவைத் தடுக்கும் காவலை ஓடைக்கும் சேர்த்துப் போட்டுவிடுகின்றன. அப்போது திரட்டிக்கு 403 என்ற பிழைதான் கிடைக்கும். இணையத் திரட்டியின் சர்வரைத் தடுக்கும் தளம், உங்கள் லேப்டாப்பிலிருந்து போகும் கோரிக்கையை விட்டுவிடுவதும் உண்டு. முதலில் அதைச் சோதித்துப் பாருங்கள்.

எப்போது இதுவே சரி: உங்கள் துறையின் முக்கியமான வேலை பத்துப் பதினைந்து இதழ்களுக்குள் அடங்கும் என்றால்.

## வழி 2: தேடல் ஓடை

டெங்கு பரப்பும் கொசுவைப் பற்றி ஆராய்பவருக்கு வேண்டிய கட்டுரை பூச்சியியல் இதழிலும் வரலாம், பொதுச் சுகாதார இதழிலும் வரலாம், பெயரே கேள்விப்படாத ஓர் இதழிலும் வரலாம். இதழ் இதழாகத் தொடர்ந்து இதைப் பிடிக்க முடியாது. தேடலையே ஓடையாக்க வேண்டும்.

மருத்துவ, உயிரியல் கட்டுரைகளைத் தேடும் இலவசத் தளமான பப்மெட்டில் இது எளிது. தேடல் சொற்களைப் போட்டு முடிவுகளைப் பாருங்கள். தேடல் பெட்டிக்குக் கீழே ஆர்எஸ்எஸ் உருவாக்கும் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் இரண்டு கேள்வி: ஓடைக்கு என்ன பெயர், எத்தனை பதிவுகள் காட்ட வேண்டும். இரண்டாவது கேள்வியில் 15 என்று தானாகவே நிரம்பியிருக்கும். பெரும்பாலோர் அதைத் தொடாமல் நகர்ந்துவிடுகிறார்கள்.

அந்த 15 என்ன செய்யும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் தேடலுக்கு நாளைக்கு 8 கட்டுரை வருகிறது. திரட்டி லேப்டாப்பில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை மூடிவிட்டுத் திங்கள் காலை திறக்கிறீர்கள். இடையில் 20 கட்டுரை வந்திருந்தால், ஓடையில் நிற்பது கடைசி 15 மட்டும். மீதி 5 வந்த சுவடே இல்லாமல் போய்விடும். ஓடை எதையும் சேமித்து வைப்பதில்லை. கடைசியாக வந்த இத்தனையைக் காட்டும், அவ்வளவுதான். ஆகவே அந்த எண்ணை 100 ஆக்குங்கள். அதற்கு ஒரு செலவும் இல்லை.

தேடலை எழுதுவதிலும் கவனம் வேண்டும். மெஷ் என்ற பப்மெட்டின் பொருள் சொற்களை மட்டும் வைத்துத் தேடினால், அந்தச் சொல் இன்னும் ஒட்டப்படாத கட்டுரைகள் வராது. பப்மெட்டின் மையப் பட்டியலான மெட்லைனில் சேராத சில இதழ்களின் கட்டுரைகளுக்கு அது ஒட்டப்படுவதே இல்லை. மெஷ் சொல்லையும், தலைப்பிலும் சுருக்கத்திலும் தேடும் டிஐஏபி (tiab) குறியிட்ட சொல்லையும் 'அல்லது' (OR) போட்டு இணையுங்கள். ஓடையை உருவாக்கிய பிறகு அதற்குள் இருக்கும் தேடலைத் திருத்த முடியாது. மாற்ற வேண்டுமென்றால் புது ஓடை எடுத்துப் பழையதை நீக்க வேண்டும். ஓடையின் முகவரியைப் பார்த்து உள்ளே என்ன தேடல் என்று கண்டுபிடிக்கவும் முடியாது. தேடல் வரியை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இயற்பியல், கணிதம், கணினித் துறையினருக்கு ஆர்க்கைவ், அதாவது இதழில் வருமுன்பே கட்டுரையைப் போட்டுவைக்கும் தளம். ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் ஓடை. முகவரியில் பிரிவுக் குறியீடுகளுக்கு இடையே கூட்டல் குறி போட்டால் பல பிரிவுகள் ஒரே ஓடையில் வரும். பப்மெட்டைவிட இது கறார். ஆர்க்கைவின் ஓடையில் அன்றைய அறிவிப்பு மட்டும்தான் இருக்கும். அமெரிக்கக் கிழக்கு நேரப்படி நள்ளிரவில், அதாவது நம் நேரப்படி காலை 9:30 அல்லது 10:30 வாக்கில், பழையது போய்ப் புதியது வரும். சனி, ஞாயிறு ஒன்றும் இருக்காது. ஒரு புதன்கிழமை முழுக்கத் திரட்டி ஓடவில்லை என்றால் அந்தப் புதன்கிழமை போனது போனதுதான்.

அதோடு, அந்த ஓடையில் புதுக் கட்டுரை மட்டும் வருவதில்லை. வேறு பிரிவிலிருந்து குறுக்கே பட்டியலிடப்பட்டவை, பழைய கட்டுரைகளின் திருத்தப் பதிப்புகள் எல்லாம் சேர்ந்தே வரும். ஒவ்வொரு பதிவிலும் அது எந்த வகை என்ற குறிப்பு இருக்கிறது. அதை வைத்துத் திருத்தப் பதிப்புகளை வடிகட்டினாலே பெரிய பிரிவுகளில் கணிசமான பாரம் குறையும். பிரிவு முழுதும் வேண்டாம், குறிப்பிட்ட சொல் வரும் கட்டுரைகள் போதும் என்பவர்கள் ஆர்க்கைவின் ஏபிஐ (மென்பொருள்கள் நேரடியாகத் தரவு கேட்கும் வாசல்) முகவரியில் தேடலை எழுதலாம். அது விடையை ஆர்எஸ்எஸ் போன்ற இன்னொரு ஓடை வடிவமான ஆட்டத்தில் (Atom) தருவதால் பல திரட்டிகள் அதையும் ஓர் ஓடையாகவே எடுத்துக்கொள்ளும். பதிவு எண்ணிக்கையையும் நாமே சொல்லலாம். ஒரு நாள் என்ற வரம்பு இங்கே இல்லை.

உயிரியலுக்கான பயோஆர்க்கைவ் துறைவாரியாக ஓடை தருகிறது, கடைசி 30 கட்டுரைகளோடு. நரம்பியல் போன்ற கூட்டமான பிரிவில் 30 என்பது ஒரு நாளுக்கே காணாது.

எப்போது இதுவே சரி: தலைப்பு குறுகியது, அது வரக்கூடிய இதழ்கள் பல என்றால். இதழ் ஓடையைவிடச் சில நாள் பிந்தலாம், கட்டுரை முதலில் பப்மெட்டுக்குள் வர வேண்டுமே.

## வழி 3: மெயில் அலர்ட்

ஓடை ரசிகர்கள் மெயிலை இளக்காரமாகப் பேசுவார்கள். ஓர் இடத்தில் மெயில் ஓடையை அடித்துவிடும்: அனுப்பியது நம் பெட்டியில் வந்து கிடக்கும். பத்து நாள் மூடி வைத்தாலும் பத்து நாளுக்கானதும் இருக்கும். பதிவு ஓடையை விட்டு நழுவிப்போகும் சிக்கல் இங்கே இல்லை.

பப்மெட்டில் அதே தேடலை அதன் இலவசப் பயனர் கணக்கான மை என்சிபிஐயில் அலர்ட்டாக வைக்கலாம். தினமும், வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை என்று இடைவெளி நம் விருப்பம். ஒரு மெயிலில் அதிகபட்சம் எத்தனை கட்டுரை என்ற வரம்பு இங்கும் உண்டு, அதை உயர்த்தி வைக்க வேண்டும். 2021-லிருந்து தனியாக என்சிபிஐ பாஸ்வேர்டு கிடையாது. கூகுள், ஆர்க்கிட் (ஆய்வாளர் அடையாள எண்), பல்கலைக்கழகக் கணக்கு போன்ற ஒன்றின் வழியாகத்தான் நுழைய வேண்டும். பல்கலைக்கழகக் கணக்கை மட்டும் இணைத்துவிட்டுப் பட்டம் வாங்கிப் போனால், மெயில் முகவரி மூடும் நாளில் அலர்ட்டும் போச்சு, அதை மாற்றும் வழியும் போச்சு. சொந்தக் கணக்கு ஒன்றையும் சேர்த்தே இணைத்து வையுங்கள்.

பதிப்பகங்களின் பொருளடக்க மெயில் வேறு ரகம். கணக்கு திறக்கச் சொல்வார்கள்; பிறகு மாநாட்டு அழைப்பு, சிறப்பிதழ் அழைப்பு எல்லாம் அதே முகவரிக்கு வரத் தொடங்கும். இருபது இதழ் என்றால் இருபது விதமான வடிவம், படித்தது எது படிக்காதது எது என்ற கணக்கு இல்லை. கட்டுரைவாரியாகக் குறிக்க முடியாதது இதன் பெரிய குறை: நாற்பது தலைப்புள்ள மெயிலை ஒருமுறை திறந்துவிட்டால் நாற்பதும் படித்ததாகிவிடும்.

எப்போது இதுவே சரி: தவறவே கூடாத ஓரிரண்டு தேடல்கள், வாரத்துக்கு ஐந்தாறு கட்டுரைக்கு மேல் வராதவை.

## வழி 4: கூகுள் ஸ்காலர் அலர்ட்

ஸ்காலருக்கு ஆர்எஸ்எஸ் கிடையாது, மெயில் மட்டும். தலைப்பு, சுருக்கம் தாண்டி முழு உரையிலும் தேடுவது இதன் பலம். பலவீனமும் அதுவே: நன்றியுரையிலோ மேற்கோள் பட்டியலிலோ உங்கள் சொல் வந்தால்கூடக் கட்டுரை வந்து நிற்கும். ஆய்வேடு, களஞ்சியப் பிரதி, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ் எல்லாம் ஒரே தட்டில். 'புதிது' என்றால் ஸ்காலருக்குப் புதிது என்று பொருள். ஐந்து வருடப் பழைய கட்டுரையும் இன்றுதான் அதன் பட்டியலில் ஏறியது என்றால் இன்று வரும்.

ஆகவே சொல் தேடலுக்கு இதை நம்ப வேண்டாம். மேற்கோளைத் தொடர்வதற்கு இலவச வழிகளில் இதுபோல எளிதானது இல்லை. உங்கள் துறையின் அடிப்படைக் கட்டுரை ஒன்றைத் தேடி, அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலைத் திறந்து, மெயில் உறைச் சின்னத்தை அழுத்துங்கள். இனி அதை யார் மேற்கோள் காட்டினாலும் மெயில் வரும். நீங்கள் யோசிக்காத சொற்களில் எழுதப்பட்ட கட்டுரையும் இப்படி மாட்டும். ஐந்து முதல் எட்டு அடிப்படைக் கட்டுரை போதும். ஆயிரக்கணக்கில் மேற்கோள் வாங்கியதை எடுத்தால் மூழ்கிப்போவீர்கள்.

ஸ்காலர் மெயிலும் திரட்டிக்குள்ளேயே வேண்டும் என்றால், மெயிலை ஓடையாக மாற்றும் கில் த நியூஸ்லெட்டர் போன்ற சேவைகள் உள்ளன. அது தரும் முகவரி தெரிந்த யாரும் அந்த ஓடையைப் படிக்கலாம் என்பதை நினைவில் வைத்துப் பயன்படுத்துங்கள்.

## பக்கத்தில் பக்கமாக

| | இதழ் ஓடை | தேடல் ஓடை | மெயில் அலர்ட் | ஸ்காலர் |
|---|---|---|---|---|
| தவறவிடாமை | அந்த இதழுக்கு முழுமை. வெளியே பூஜ்யம் | தேடல் வரி எவ்வளவு நன்றோ அவ்வளவு | அதே. மூடி வைத்தாலும் நழுவாது | பரந்த வலை, சீரற்றது |
| தாமதம் | மிகக் குறைவு, சரியான ஓடையை எடுத்தால் | சில நாள். ஆர்க்கைவில் இல்லை | நாம் வைக்கும் இடைவெளி | கணிக்க முடியாது |
| இரைச்சல் | பொது இதழில் அதிகம் | குறைவு | குறைவு. பதிப்பக விளம்பரம் கூடுதல் | அதிகம். மேற்கோள் அலர்ட்டில் குறைவு |
| சுருக்கம் | பதிப்பகத்தைப் பொறுத்தது | பெரும்பாலும் உண்டு | அமைப்பைப் பொறுத்தது | ஓரிரு வரித் துணுக்கு |
| எப்படிச் சாகும் | முகவரி மாற்றம், 403 | பதிவு எண்ணிக்கை வரம்பு | ஸ்பேம், மூடிய மெயில் கணக்கு | ஸ்பேம் |

## திரட்டி எது

மேலே பார்த்த 15, 30, ஒரு நாள் என்ற வரம்புகள்தான் இதையும் முடிவு செய்கின்றன. கேள்வி ஒன்றே: எப்போதும் விழித்திருக்கும் சர்வர் உங்களுக்கு வேண்டுமா?

மேற்கோள்களை ஏற்கெனவே ஸோட்டெரோ என்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருளில் வைத்திருப்பவர்கள் அதன் ஓடை வசதியிலிருந்தே தொடங்கலாம். பிடித்த பதிவை ஒரு பொத்தானில் நூலகத்துக்குள் இழுத்துவிடலாம். விவரங்களைக் கட்டுரைப் பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆனால் ஸோட்டெரோ திறந்திருந்தால்தான் ஓடையைப் பார்க்கும். படித்த பதிவை 3 நாளிலும் படிக்காததை 30 நாளிலும் தானாக அழிக்கும்படி வைத்திருப்பார்கள். நீண்ட விடுப்புக்கு முன் அமைப்பில் இதை நீட்டிவிடுங்கள். கலர் கலராகக் கிடக்கும் திரட்டிகளைவிட, படிப்பதும் சேமிப்பதும் ஒரே இடத்தில் நடக்கும் இந்தச் சலிப்பூட்டும் பெட்டிதான் நிறையப் பேரிடம் நிலைக்கிறது.

தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளும் நம் கணினியிலேயே ஓடும் திரட்டிதான். மெயிலுக்கு எழுதும் அதே வடிகட்டி விதிகள் ஓடைக்கும் ஓடும். இலவசமாக வடிகட்டி வேண்டுவோருக்கு நல்ல வழி. ஃபீட்லி, இனோரீடர் இரண்டும் சர்வரில் ஓடுபவை, நாம் தூங்கினாலும் பார்க்கும். ஆனால் இலவசக் கணக்கில் ஓடை எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, வடிகட்டிக்குச் சந்தா கட்ட வேண்டும். ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ், மினிஃப்ளக்ஸ் நம் சொந்தச் சர்வரிலோ ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியிலோ ஓடும். ஓடையே இல்லாத இதழ்ப் பக்கத்தைக்கூட ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ், பக்கத்தில் எந்தப் பகுதியை எடுப்பது என்று சுட்டும் எக்ஸ்பாத் வழியாகப் படித்து ஓடையாக்கும். லேபில் ஒருவருக்கு லினக்ஸ் தெரிந்தால் குழுவுக்கே ஒன்று போடலாம். அவர் பட்டம் வாங்கிப் போன பிறகு யார் பார்ப்பார்கள் என்பதையும் அன்றே பேசிவிடுங்கள்.

## யாருக்கு எது

பிஎச்டி முதல் வருடம், தலைப்பு இன்னும் குறுகவில்லை: ஐந்தாறு இதழ் ஓடை, ஸோட்டெரோவில். தேடல் ஓடை இப்போது வேண்டாம். எந்தச் சொல்லைத் தேடுவது என்பதே ஆறு மாதத்தில்தான் தெரியும்.

தலைப்பு முடிவானவர், உயிரியல் அல்லது மருத்துவம்: இரண்டு மூன்று பப்மெட் தேடல் ஓடை, எண்ணிக்கை 100, நேரடிப் போட்டியான ஒரே ஒரு தேடலுக்கு மட்டும் வார மெயில், ஐந்து கட்டுரைக்கு ஸ்காலர் மேற்கோள் அலர்ட்.

ஆர்க்கைவில் வாழ்பவர்: சர்வரில் ஓடும் திரட்டி, அல்லது ஏபிஐ தேடல். லேப்டாப் திரட்டியில் பிரிவு ஓடையை வைக்காதீர்கள்.

கற்பிக்கும் பணி, மாதம் ஒருமுறைதான் பார்க்க முடியும்: ஓடையே வேண்டாம். மாத இடைவெளியில் மை என்சிபிஐ மெயில், ஒன்றிரண்டு பொருளடக்க மெயில்.

எந்த வழியானாலும் கிடைப்பது கட்டுரையின் இணைப்புதான். முழு உரை திறக்குமா என்பது வேறு கதை. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரு நாடு ஒரு சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. உங்கள் நிறுவனம் அதற்குள் இருந்தால், வளாகத்துக்கு வெளியே எப்படி நுழைவது என்று நூலகரிடம் கேட்டுவிட்டு அந்தப் பதிப்பகங்களின் ஓடைகளை முதலில் சேருங்கள். இல்லாதவர்கள் ஸோட்டெரோவின் முழு உரை தேடும் கட்டளையை ஓட்டிப் பார்க்கலாம். சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி இருந்தால், அப்படிப்பட்ட பிரதிகளைப் பட்டியலிடும் அன்பேவாலின் தரவை வைத்து எடுத்து வரும்.

மாதத்தின் முதல் திங்கள் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஓடைகளைக் கடைசியாகப் பதிவு வந்த தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். வாராந்திர இதழ் முப்பது நாளாகப் பேசவில்லை என்றால் அது உடைந்திருக்கிறது; இதழின் பக்கத்துக்குப் போய்ப் புது முகவரியை எடுங்கள். ஸ்பேம் பெட்டியிலும் ஒரு பார்வை. திரட்டியில் ஓபிஎம்எல் (ஓடை முகவரிகளின் பட்டியல் கோப்பு) ஏற்றுமதி இருந்தால் அப்படியே அதையும் எடுத்து வையுங்கள்: அந்தச் சிறு கோப்பு கையில் இருந்தால், நாளை உங்கள் திரட்டி மூடினாலும் ஓடைகளை இன்னொன்றுக்கு மாற்றப் பத்து நிமிடம் ஆகும்.